அவுட்சோர்சிங் எவ்வாறு பரவுகிறது? கோடாக் முதல் கடவுச்சீட்டு மையம் வரை

ஒரு நிறுவனம் தன் கணினிப் பணிகளை வெளியாரிடம் ஒப்படைக்கும்போது அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: செலவு குறையும், தரம் கூடும். இக்காரணம் முற்றிலும் பொய் என்று நாம் கூறவில்லை. ஆனால் தேவையாலும் நிதிநிலையாலும் வேறுபட்ட எண்ணற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை இக்காரணம் மட்டும் விளக்கிவிடாது. ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்த்தா இம்முடிவை எடுத்தது? அல்லது ஒன்றைப் பார்த்து மற்றொன்று எடுத்ததா?

இக்கேள்வி மேலாண்மைக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. தவிர்க்கவியலாத பொருளாதார விதி என்று நம்மிடம் சொல்லப்படும் ஒன்று, மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எடுத்த முடிவுகளின் தொகுப்பே எனில், அதை நிபந்தனைக்கு உட்படுத்தவும் திருப்பவும் முடியும். மேலும், பணி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அப்பணியோடு பிணைந்திருந்த பொறுப்புகள் பின்தங்கிவிடுகின்றன. அரசுப் பணியாக இருந்தால், அவ்வாறு பின்தங்கும் முதற்பொறுப்பு இடஒதுக்கீடு. ஆகவே இப்பரவலின் இயங்குமுறையை அறிவது சமூகநீதிக் களத்தில் நிற்போர்க்குத் தேவையான அறிவு என்று கருதுகிறோம்.

சொல்லும் பொருளும்

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களைக் கொண்டு செய்துவந்த, அல்லது செய்யக்கூடிய, பணியை ஒப்பந்தத்தின் வழியாக வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதே அவுட்சோர்சிங். தமிழில் இதனை அயல்பணி ஒப்படைப்பு என்பர். அரசு வழக்கில் வெளிமுகமை என்ற சொல்லும் உண்டு. தகவல் தொழில்நுட்பத்தில் தரவு மையங்களை இயக்குதல், மென்பொருள் எழுதுதல், அதைப் பராமரித்தல், வலைப்பின்னல் நிர்வாகம், வாடிக்கையாளர் அழைப்புகளுக்கு விடையளித்தல் ஆகியன இவ்வாறு ஒப்படைக்கப்படும் பணிகளுள் முதன்மையானவை.

இருவேறு செயல்கள் இங்கே அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. பணியை வேறு நிறுவனத்திடம் கொடுப்பது ஒன்று. பணியை வேறு நாட்டிற்குக் கொண்டுசெல்வது மற்றொன்று. அமெரிக்க வங்கி தன் கணினி மையத்தை மற்றோர் அமெரிக்க நிறுவனத்திடம் கொடுத்தால் அது உள்நாட்டு அவுட்சோர்சிங். அதே வங்கி சென்னையில் தனக்கே சொந்தமான அலுவலகம் அமைத்தால் பணி கடல் கடந்தது; ஆனால் கைமாறவில்லை. இன்று ‘உலகளாவிய திறன் மையம்’ என்று அழைக்கப்படுபவை இவ்வகையின. இந்திய மென்பொருள் நிறுவனங்களின் வளர்ச்சி, பணி கைமாறுதல், கடல் கடத்தல் ஆகிய இரண்டும் ஒன்றாக நிகழ்ந்ததன் விளைவு.

இத்தொழிலின் தொடக்கத்தை 1962ஆம் ஆண்டில் வைப்பது வழக்கம். ஐபிஎம் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த ராஸ் பெரோ, அவ்வாண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஈடிஎஸ், என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கணினி இயந்திரத்தை விற்பதற்கு மாறாக, கணினிப் பணியைச் செய்துகொடுத்துக் கட்டணம் பெறுவது அவர் கண்ட வழி. 1984இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. எனினும் 1980களின் இறுதி வரை, பெருநிறுவனங்கள் தம் கணினித் துறையை வெளியே கொடுப்பதை இயல்பானதாகக் கருதவில்லை. பணநெருக்கடியில் சிக்கியவையும், சொந்தமாகக் கணினித் துறை வைத்துக்கொள்ள வசதியற்ற சிறியவையும் செய்வது அது என்ற எண்ணமே நிலவியது.

1989: கோடாக் எடுத்த முடிவு

அந்த எண்ணத்தை மாற்றியது ஈஸ்ட்மன் கோடாக். புகைப்படத் தொழிலில் உலகறிந்த அந்நிறுவனம், 1989இல் தன் தரவு மையங்களை இயக்கும் பொறுப்பை ஐபிஎம்மிடமும், தொலைத்தொடர்பு வலைப்பின்னலை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்திடமும், மேசைக் கணினிகளின் பராமரிப்பை பிசினஸ்லாண்ட் நிறுவனத்திடமும் ஒப்படைத்தது. கோடாக்கின் கணினித் துறைத் தலைவராக இருந்த கேத்தரின் ஹட்சன் இம்முடிவின் முகமாக அறியப்பட்டார். கோடாக்கின் ஊழியர் பலரும் பணியோடு சேர்ந்தே புதிய முதலாளியிடம் மாற்றப்பட்டனர்.

இம்முடிவின் முக்கியத்துவம் தொகையில் இல்லை. எடுத்தவர் யார் என்பதில் இருந்தது. கோடாக் அன்று நொடித்துப்போன நிறுவனமாகக் கருதப்படவில்லை. பிறர் அண்ணாந்து பார்க்கும் நிறுவனமாக இருந்தது. ‘கோடாக்கே செய்துவிட்டது’ என்பது ஒரு வாதமாக மாறியது. 1991இல் சிகாகோவின் கான்டினென்டல் வங்கி தன் கணினிப் பணிகளை ஐபிஎம்மின் துணை நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு, ஆயுதத் தளவாட நிறுவனமான ஜெனரல் டைனமிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷனுடன் ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புள்ள பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. 1994இல் ஜெராக்ஸ், ஈடிஎஸ்ஸுடன் அதனினும் பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நான்கைந்து ஆண்டுகளில், வெளியே கொடுப்பவர் விளக்கம் சொல்லவேண்டிய நிலை மாறி, வெளியே கொடுக்காதவர் விளக்கம் சொல்லவேண்டிய நிலை உருவாகியது.

ஆய்வாளர்கள் கண்டவை

1992இல் லாரன்ஸ் லோ, என். வெங்கட்ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் இப்பரவலைக் கணித மாதிரிகளின் துணையோடு ஆராய்ந்தனர். ஒரு புதுமை பரவுவதற்கு இரண்டு ஊற்றுகள் இருக்கலாம் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை. ஊடகம், விற்பனையாளர், ஆலோசகர் முதலிய புறத்தாக்கம் ஒன்று. ஏற்கெனவே செய்துவிட்டவர்களைப் பார்த்து, அவர்களை ஒத்த மற்றவர்கள் செய்யும் அகத்தாக்கம் மற்றொன்று. ஒப்பந்த அறிவிப்புகளின் காலவரிசையை இம்மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, போலச்செய்தலாகிய அகத்தாக்கமே மேலோங்கி இருந்ததாகவும், கோடாக் முடிவுக்குப் பின் அது மேலும் வலுப்பெற்றதாகவும் அவர்கள் முடிவுக்கு வந்தனர். ‘கோடாக் விளைவு’ என்ற தொடர் இவ்வாய்வின் வழியே புகழ்பெற்றது.

இம்முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. 1997இல் ஹு, சாண்டர்ஸ், கெபெல்ட் ஆகியோர், 1985 முதல் 1995 தொடக்கம் வரை அவுட்சோர்சிங்கை மேற்கொண்ட 175 நிறுவனங்களை எடுத்துக்கொண்டு மறு ஆய்வு செய்தனர். கோடாக் என்ற ஒற்றை நிகழ்வு திருப்புமுனையாக அமைந்ததற்கு அவர்களது தரவு சான்றளிக்கவில்லை. ஊடகச் செய்திகள், விற்கும் நிறுவனங்களின் நெருக்குதல், மேலாளர்களுக்கு இடையிலான நேரடி உரையாடல் ஆகிய அனைத்தும் கலந்த தாக்கமே பரவலை நடத்தியது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவ்விரு ஆய்வுகளும் கோடாக்கின் பங்கைப் பற்றி முரண்படுகின்றன. ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில் ஒன்றுபடுகின்றன: ஒரு நிறுவனத்தின் முடிவு அதன் சொந்தக் கணக்குப் புத்தகத்திற்குள் மட்டும் உருவாவதில்லை. பிறர் என்ன செய்தனர், பிறர் என்ன சொல்கின்றனர் என்பதும் அம்முடிவுக்குள் நுழைகின்றது.

சமூகவியலாளர்கள் பால் டிமாஜியோ, வால்டர் பவல் ஆகியோர் 1983இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு பொதுச் சட்டகத்தைத் தந்திருந்தது. ஒரே துறையைச் சேர்ந்த நிறுவனங்கள் காலப்போக்கில் ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிடுவது ஏன் என்று அவர்கள் கேட்டனர். மூன்று அழுத்தங்களைச் சுட்டினர். முதலாவது கட்டாயம்: சட்டமோ, முதலீட்டாளரோ, பெரிய வாடிக்கையாளரோ வற்புறுத்துவது. இரண்டாவது போலச்செய்தல்: எதிர்காலம் தெளிவற்றிருக்கும்போது, வெற்றிபெற்றவராகத் தோன்றுபவரைப் பின்பற்றுவது. மூன்றாவது தொழில்முறை நெறி: ஒரே வகைக் கல்லூரிகளில் ஒரே வகைப் பாடங்களைப் படித்து, ஒரே மாநாடுகளில் சந்தித்துக்கொள்ளும் மேலாளர்கள் ஒரே மாதிரி சிந்திப்பது. அவுட்சோர்சிங் பரவலில் இம்மூன்றையும் காணலாம். கணினித் துறையின் செலவு ஏறிக்கொண்டிருக்க, பயன் எவ்வளவு என்று அளக்க முடியாதிருந்த காலத்தில், பக்கத்து நிறுவனத்தைப் பார்ப்பதே மேலாளருக்குப் பாதுகாப்பான வழியாக இருந்தது. எல்லோரும் செய்ததைச் செய்து தோற்றவரை யாரும் பழிப்பதில்லை அல்லவா?

வெற்றிச் செய்தி மட்டும் பரவுவது ஏன்?

மேரி லேசிட்டி, ரூடி ஹிர்ஷ்ஹைம் ஆகிய ஆய்வாளர்கள் 1993இல் ஒரு முக்கியமான குறையைச் சுட்டிக்காட்டினர். அவுட்சோர்சிங்கைப் புகழும் செய்திகள் பெரும்பாலும் ஒப்பந்தம் கையெழுத்தான புதிதிலேயே வெளிவருகின்றன. அப்போது சேமிப்பு என்பது கிடைத்துவிட்ட பணமன்று, எதிர்பார்ப்பு மட்டுமே. பின்னர் ஒப்பந்தம் கசந்துபோனால் நிறுவனம் அதை அறிவிப்பதில்லை. ஏனெனில் அது தன் தவறான முடிவை ஊரறியச் செய்வதாகும். விற்ற நிறுவனமும் அறிவிப்பதில்லை. எனவே அடுத்து முடிவெடுப்பவரின் கண்ணுக்கு வெற்றிகள் மட்டுமே தெரிகின்றன.

ஆனால் மறைக்க முடியாத அளவுக்குப் பெரிய திரும்பல்களும் நிகழ்ந்திருக்கின்றன. ஜேபி மோர்கன் சேஸ் வங்கி 2002இல் ஐபிஎம்முடன் 500 கோடி டாலருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் செய்தது. பேங்க் ஒன் வங்கியுடன் இணைந்த பின் 2004இல் அவ்வொப்பந்தத்தை முறித்து, ஏறத்தாழ 4,000 ஊழியர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் செயின்ஸ்பரி அங்காடி நிறுவனம் 2000இல் அக்சென்சரிடம் கொடுத்த பணியை 2005இல் திரும்பப் பெற்றது. ஒரு காலத்தில் ஈடிஎஸ்ஸையே சொந்தமாக வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ், 2012ஆம் ஆண்டில், ஏறத்தாழ 90 விழுக்காடு வெளியே இருந்த தன் கணினிப் பணியை அதே அளவுக்கு உள்ளே கொண்டுவரப் போவதாக அறிவித்தது. ஒரே நிறுவனம் எதிரெதிர்த் திசைகளில் செல்ல முடிந்தது என்பதே, இதில் இயற்கை விதி எதுவும் இல்லை என்பதற்குப் போதிய சான்று.

அம்பேத்கர் இதை முன்பே கேட்டார்

புதுமைகள் பரவுவதைப் பற்றிய ஆய்வுத்துறைக்கு எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூல் அடித்தளமானது. அத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் கேப்ரியல் டார்ட். போலச்செய்தலின் விதிகளை அவர் 1890இல் நூலாக்கினார். அந்த டார்டை, ரோஜர்சுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, சாதியை விளக்குவதற்கு எடுத்தாண்டவர் அண்ணல் அம்பேத்கர். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தம் 25ஆம் வயதில், இந்தியாவில் சாதிகள் பற்றி அவர் வாசித்த ஆய்வுரையில் அது இடம்பெற்றுள்ளது.

சாதியை ஒரு சட்டமியற்றியவர் மேலிருந்து திணித்தார் என்ற கருத்தையும், அது தானாக வளர்ந்த இயற்கை ஒழுங்கு என்ற கருத்தையும் அம்பேத்கர் மறுத்தார். அகமணமுறை முதலில் பிராமணரிடம் ஒரு வேலியாக எழுந்தது. பின்னர் மற்றவரிடம் பரவியது என்றார். பரவியதற்கு இரண்டு காரணங்களைக் காட்டினார். மேலிருப்பவரைக் கீழிருப்பவர் போலச்செய்வது ஒன்று. இங்கேதான் டார்ட் வருகிறார்: போலச்செய்தல் மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்கிறது; நெருக்கம் கூடும்தோறும் அதன் வலிமை கூடுகிறது. மற்றொரு காரணம் இயந்திரத்தன்மை உடையது: சிலர் தம் கதவை அடைத்துக்கொள்ளும்போது, மற்றவர் தாம் விரும்பாமலே வெளியே நின்றுவிடுகின்றனர்.

சாதியும் அவுட்சோர்சிங்கும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. நிறுவனம் தன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். பிறப்பால் சுமத்தப்பட்ட சாதியை அவ்வாறு முறித்துக்கொள்ள இயலாது. அம்பேத்கரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஆராயும் முறையை. ஒரு வழக்கம் எங்கும் காணப்படுகிறது என்பதாலேயே அது இயற்கையானது ஆகிவிடாது. முதலில் யார் செய்தார், அவரை யார் பின்பற்றினார், அதனால் யார் முன் கதவு அடைபட்டது என்று கேட்கவேண்டும். இம்மூன்று கேள்விகளில் முதலிரண்டை மேலாண்மை ஆய்வுகள் கேட்டன. மூன்றாவதை நாமே கேட்டாக வேண்டும்.

கடல் கடந்த சங்கிலி

இந்தியாவை நோக்கிய பரவலும் போலச்செய்தலின் தடத்திலேயே நடந்தது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் பெங்களூருவில் தன் மையத்தை அமைத்தது. 1989இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் தலைவர் ஜாக் வெல்ச் இந்தியாவுக்கு வந்தார். அந்நிறுவனத்தின் ‘70-70-70’ என்ற வாய்பாடு பின்னர் புகழ்பெற்றது: பணியில் 70 விழுக்காட்டை வெளியே கொடு, அதில் 70 விழுக்காட்டைக் கடல் கடந்து அனுப்பு, அதில் 70 விழுக்காட்டை இந்தியாவுக்குக் கொடு. கோடாக்கைப் போலவே ஜெனரல் எலக்ட்ரிக்கும் மற்றவர் கண்வைத்துப் பார்க்கும் நிறுவனம். 1991இல் மைய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கணினி நிரல்கள் நிலைகுலையும் என்ற அச்சத்தால், அவற்றைத் திருத்தும் பணி அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களிலிருந்து பெருமளவில் இங்கு வந்தது. அப்பணி முடிந்தது, ஆனால் ஏற்பட்ட தொடர்புகள் நிலைத்து, அடுத்த ஒப்பந்தங்களுக்கு வழியாயின.

தமிழ்நாட்டில் 1994இல் காக்னிசன்ட்டின் முன்னோடி நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டதும், 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும், பழைய மகாபலிபுரம் சாலை முழுவதும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்ததும் இச்சங்கிலியின் கண்ணிகள்.

இதனால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் இடஒதுக்கீடும், பட்டியலின மாணவர்க்கான கல்வி உதவித்தொகையும் இருந்ததால், சேரியிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இத்துறைக்குள் நுழைய முடிந்தது. குலத்தொழிலின் சுவடில்லாத ஒரு வேலை, ஊரைவிட்டு வெளியே ஒரு வாழ்க்கை, தம்பி தங்கையரைப் படிக்கவைக்கும் வருமானம் ஆகியன எத்தனையோ குடும்பங்களுக்கு இதன் வழியே கிடைத்தன. ஆனால் கதவைத் திறந்தது கல்வியில் இருந்த இடஒதுக்கீடு. வேலையில் அப்படி எதுவும் இல்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சங்கிலியின் இம்முனையில் யார்?

அரசியலமைப்பின் 16(4) பிரிவு அரசின் கீழுள்ள பணிகளைப் பற்றியே பேசுகிறது. தனியார் நிறுவனங்களில் பட்டியலினத்தவர்க்கு இடஒதுக்கீடு வழங்கும் சட்டம் நாட்டில் இல்லை. 2004இல் பொறுப்பேற்ற ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு இதைப் பற்றிப் பேச முன்வந்தபோது, தொழில் கூட்டமைப்புகள் கட்டாய ஒதுக்கீட்டை எதிர்த்தன. தாமாக முன்வந்து பின்பற்றும் நடத்தை விதிகளே போதும் என்றன. விதிகள் தாளில் இருக்கின்றன. அவற்றை மீறினால் கேட்பார் எவருமில்லை.

பணியமர்த்தலில் பாகுபாடு உண்டா என்று அளந்து பார்த்த ஆய்வுகள் சில உள்ளன. 2007இல் வெளியான சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் ஆய்வில், 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. கல்வித்தகுதி ஒன்றாக இருந்தும், தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்திற்கு நேர்காணல் அழைப்பு கிட்டும் வாய்ப்பு, ஆதிக்கச் சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. முஸ்லிம் பெயருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. மறுபுறம், அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் தில்லியில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, மென்பொருள் பணிகளுக்கான அழைப்பில் சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று காணவில்லை. ஆனால் அழைப்பு மையப் பணிகளில் வேறுபாட்டைக் கண்டது. இரண்டையும் நாம் சேர்த்தே படிக்கவேண்டும். தொழில்நுட்பத் தேர்வு முடிவு செய்யும் இடத்தில் பெயரின் சுமை குறைகிறது. பேச்சு, நடை, ‘பண்பாடு’ முடிவு செய்யும் இடத்தில் அது கூடுகிறது.

அந்தப் ‘பண்பாடு’ என்ன என்பதை, மனிதவள மேலாளர்களிடம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் நடத்திய நேர்காணல்கள் காட்டின. தாங்கள் தகுதியை மட்டுமே பார்ப்பதாகக் கூறிய அம்மேலாளர்கள், அதே மூச்சில், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியை விசாரிப்பது இன்றியமையாதது என்றும் கூறினர். வடிகட்டல் நேர்காணல் அறைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வளாகத் தேர்வுக்குச் செல்லும் கல்லூரிகளின் பட்டியல், பத்தாம் வகுப்பிலிருந்து தொடர்ச்சியாக 60 விழுக்காடு என்ற வரம்பு, அரியர் கூடாது என்ற விதி ஆகியன, தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்துப் பின்னர் தேறிவந்தவரைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடுகின்றன. இவ்வரம்புகளையும் நிறுவனங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று வைத்துக்கொண்டவையே. ஊழியர் தமக்குத் தெரிந்தவரைப் பரிந்துரைக்கும் முறையோ டார்டின் நெருக்க விதிக்கு நேரான சான்று: தெரிந்தவர் என்பவர் பெரும்பாலும் தம்மைப் போன்றவரே.

மேல்மட்டத்தின் நிலை இன்னும் தெளிவு. 1,000 இந்திய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பற்றி 2012இல் வெளியான ஓர் ஆய்வு, உறுப்பினர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர் என்றும், பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடே என்றும் கண்டது. எதைப் போலச்செய்வது என்று முடிவெடுக்கும் மேசையில் நம்மவர் இல்லை என்பதே இதன் பொருள்.

பணியோடு சேர்ந்து பாகுபாடும் கடல் கடக்கிறது. தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு உள்ளானார் என்று குற்றஞ்சாட்டி, 2020இல் கலிபோர்னியா மாநிலத் துறையொன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. மேலாளர் இருவர் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய இதே நோக்குடைய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார்.

அரசுக்குள் பரவும்போது

தனியாரிடம் தொடங்கிய வழக்கத்தை அரசும் போலச்செய்கிறது. கடவுச்சீட்டு சேவைத் திட்டம் 2008இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸிடம் ஒப்படைக்கப்பட்டது. சரக்கு மற்றும் சேவை வரி வலைப்பின்னலை உருவாக்கும் பணி 2015இலும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் புதிய தளத்தின் பணி 2019இலும் இன்போசிஸுக்குக் கிடைத்தன.

கடவுச்சீட்டு மையத்திற்குச் சென்றவர்கள் அங்குள்ள மூவகை முகப்புகளை அறிவர். ‘ஏ’ முகப்பில் ஆவணங்களையும் ஒளிப்படத்தையும் விரல்ரேகையையும் பெறுபவர் தனியார் நிறுவன ஊழியர். ‘பி’ முகப்பில் சரிபார்ப்பவரும் ‘சி’ முகப்பில் ஒப்புதல் அளிப்பவரும் அரசு ஊழியர்கள். மூன்று முகப்புகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே பொதுப்பணியைச் செய்கின்றன. ஆனால் இடஒதுக்கீடு ‘பி’யிலும் ‘சி’யிலும் உண்டு; ‘ஏ’யில் இல்லை. சேவை விரைவாகிவிட்டது என்று மக்கள் மகிழலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அப்பணியிடங்களில் பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய பங்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அங்கே எழுப்பப்படவே இல்லை. இடஒதுக்கீட்டை ஒழிப்பதாக யாரும் அறிவிக்கவில்லை. இடஒதுக்கீடு பொருந்தும் பரப்புதான் சுருங்கியது.

தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையின் பாதுகாப்போடு இருக்கிறது. அதற்குள் பட்டியலினத்தவர்க்கு 18 விழுக்காடும், பழங்குடியினர்க்கு 1 விழுக்காடும் உண்டு. ஆனால் பணியிடமே வெளிமுகமைக்குப் போய்விட்டால் அந்த 69 எதன்மீது நிற்கும்? 2022 அக்டோபரில் வெளியான அரசாணை எண் 115, பணியமர்த்தல் முறைகளை ஆராய ஒரு குழுவை அமைத்து, வெளிமுகமையையும் அதன் ஆய்வு வரம்புக்குள் வைத்தபோது, அரசு ஊழியர் சங்கங்களும் சமூகநீதி அமைப்புகளும் எதிர்த்தன. அவ்வாய்வு வரம்புகள் அடுத்த மாதமே கைவிடப்பட்டன. எதிர்த்தால் திருப்ப முடியும் என்பதற்கு இது நம் அண்மைக்காலச் சான்று.

பொறுப்பும் ஒப்பந்தத்தோடு செல்லவேண்டும்

எல்லா அவுட்சோர்சிங்கையும் நிறுத்துவது உடனடியாக நடக்கக்கூடியதன்று. ஆனால் பணி செல்லுமிடமெல்லாம் பொறுப்பும் செல்லவேண்டும் என்று வற்புறுத்த முடியும். இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் 1965இல் அதிபர் ஜான்சன் பிறப்பித்த 11246ஆம் நிர்வாக ஆணை, மைய அரசின் ஒப்பந்தம் பெறும் தனியார் நிறுவனங்கள் பாகுபாடின்றிப் பணியமர்த்தவும், அதற்கான ஆக்கபூர்வ நடவடிக்கை எடுக்கவும் கட்டாயப்படுத்தியது. அரசுப் பணம் செல்லும் இடத்தில் அரசின் கடமையும் செல்லும் என்பது அதன் உட்பொருள். 60 ஆண்டுகளை எட்டவிருந்த அவ்வாணை 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப்பால் நீக்கப்பட்டது. உரிமைகளை விழுங்கும் வழக்கமும் போலச்செய்யப்படக்கூடும் என்பதால் அந்நீக்கத்தையும் நாம் கவனத்தில் கொள்ளவேண்டும்.

இந்தியாவிலும் 2012 முதல் நடைமுறையில் உள்ள மைய அரசின் பொதுக் கொள்முதல் கொள்கை, மொத்தக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற இலக்கு வைத்துள்ளது. பொருள் வாங்கும்போது விதிக்க முடிந்த சமூகநீதி நிபந்தனையை, மனித உழைப்பை வாங்கும்போது ஏன் விதிக்க முடியாது? கர்நாடக அரசு 2024இல் தன் துறைகளின் வெளிமுகமைப் பணிகளிலும் இடஒதுக்கீட்டைப் பின்பற்றுமாறு பணித்திருக்கிறது.

இவற்றின் அடிப்படையில் நான்கு கோரிக்கைகளை நாம் முன்வைக்கலாம்.

முதலாவது, எந்த அரசுப் பணியையும் வெளியே கொடுக்கும் முன், அதனால் எத்தனை பணியிடங்கள் இடஒதுக்கீட்டு வரம்பிலிருந்து வெளியேறுகின்றன என்று கணக்கிட்டு வெளியிடவேண்டும்.

இரண்டாவது, ஒப்பந்தத்திலேயே இடஒதுக்கீட்டு விகிதத்தைப் பின்பற்றும் கூறு இடம்பெறவேண்டும். அக்கூறு துணை ஒப்பந்ததாரரையும் கட்டுப்படுத்தவேண்டும். ஏனெனில் பணி ஒருமுறை மட்டும் கைமாறுவதில்லை.

மூன்றாவது, அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் தம் ஊழியர்களின் சமூகப் பிரிவு விகிதத்தைப் பதவி நிலை வாரியாக ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். துப்புரவுப் பணியாளரையும் மென்பொருள் பொறியாளரையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும் விகிதம் நமக்குப் பயன்படாது. ‘எங்களிடமும் தலித்துகள் இருக்கிறார்கள்’ என்று சொல்லவே அது உதவும்.

நான்காவது, ஒப்பந்தம் முடியும்போது, பணியைத் திரும்ப எடுத்துக்கொள்வதா நீட்டிப்பதா என்பதை உண்மையில் கிடைத்த சேமிப்பின் கணக்கை வெளியிட்ட பின்னரே முடிவு செய்யவேண்டும். லேசிட்டியும் ஹிர்ஷ்ஹைமும் சுட்டிய மௌனத்தை அரசாவது கலைக்கவேண்டும்.

இவற்றுக்காகச் சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நம் கையில் இருக்கிறது. ஒரு கல்லூரி மாணவர் குழு, தன் மாவட்டத்தின் ஓர் அரசு அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே வெளிமுகமை வழியாகப் பணியாற்றுவோர் எத்தனை பேர், அப்பணிகள் முன்பு நிரந்தரப் பணியிடங்களாக இருந்தனவா, ஒப்பந்தத்தில் இடஒதுக்கீடு பற்றிய கூறு உண்டா என்று மூன்று கேள்விகளை அனுப்பலாம். வணிக இரகசியம் என்று சொல்லி 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்க முற்படுவர். பொதுநலன் மேலோங்குமிடத்தில் அத்தகவலையும் வெளியிடலாம் என்று அதே பிரிவு கூறுவதை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டவேண்டும்.

ஒரு மாவட்டத்தில் கிடைத்த விடை அடுத்த மாவட்டத்தில் கேள்வியாகும். ஒரு மாநிலம் விதித்த நிபந்தனை அடுத்த மாநிலத்தில் கோரிக்கையாகும். நிறுவனங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதைப் போலவே இயக்கங்களும் கற்றுக்கொள்ள முடியும். முதல் விண்ணப்பத்தை எழுதுவதற்கு வேண்டியவை ஒரு தாளும், பத்து ரூபாய்க் கட்டணமும், மேலே சொன்ன மூன்று கேள்விகளும்.